கருந்துளை வாங்கும் உதை

ஸ்ரீரங்கத்தை ஒட்டிய திருவானைக்காவலில் 1888-ல் பிறந்தவர் சர் சி. வி. ராமன். அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர், கருந்துளைகளின் கணிதத்தை 1983-ல் பெரும் நூலாகவே எழுதினார். நோபல் பரிசும் அதே ஆண்டுதான்.

அவர் மறைந்து இருபது ஆண்டு கழித்து, 2015 செப்டம்பர் 14 அன்று, அமெரிக்காவின் லைகோ கருவிகளில் ஈர்ப்பு அலை முதன்முதலாகப் பதிந்தது. சுமார் 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் ஒன்றாகக் கலந்ததில், மூன்று சூரியன்களின் நிறை அலையாகவே கரைந்துபோயிருந்தது. ஆனால், நான்கு கிலோமீட்டர் நீளக் கருவியை அது அசைத்த அளவு ஒரு புரோட்டானின் விட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை!

இந்த அலையில் ஏறி விண்மீனுக்குப் போகலாமா? முடியாது. நீரலை கடக்கும்போது பரிசல் ஏறி இறங்கும், அலை தன் வழியே போய்விடும்; இதுவும் அப்படித்தான்.

ஆனால் உதை உண்டு. அலைகள் ஒரு பக்கமாக அதிகம் கிளம்பினால், புதிதாய்ப் பிறந்த கருந்துளை ராக்கெட்டைப் போல எதிர்ப்பக்கம் பாயும். கணினிக் கணக்குப்படி வினாடிக்கு 5,000 கிலோமீட்டர் வரை! திருச்சிக்கும் சென்னைக்கும் ஒரே வினாடியில் ஏழு தடவை போய்வரும் வேகம் அது. அப்படிப் பாய்ந்தாலும் சூரியனுக்கு அடுத்த விண்மீனான பிராக்சிமா செண்டாரியை எட்ட 250 ஆண்டு ஆகும்.

இத்தகைய ஈர்ப்பு அலைகளைப் பதிய, மராட்டியத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா அமைக்க 2023-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது.