மருந்துச் சீட்டும் ஔடததானமும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



பதினெண்கீழ்க்கணக்கில் சமணர் பங்கு பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். குறிப்பெடுக்க அமர்ந்தேன். காரியாசான் தம் நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும், கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்றும் மருந்தின் பெயரையே இட்டனர் என்னுமிடத்தில் எழுதுகோல் நின்றுவிட்டது. கண்டங்கத்திரி, நெருஞ்சி என ஐந்து வேர்களையும் ஆண்டுதோறும் வகுப்பில் ஒப்பித்த நான், என் தமக்கையார் எந்த மாத்திரையை எத்தனை நாள் உண்ணாமல் விட்டார் என்பதை அறியாதிருந்தேன். ஆதலின் தலைப்பைச் சற்றே மாற்றிக்கொள்கிறேன், பொறுத்தருள்க.

தமக்கையார் மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் வாழ்கிறார். அவருக்கு வந்திருப்பது முடக்குவாதம். முதுமையில் முழங்கால் தேய்வது வேறு, இது வேறு. உடலின் காவற்படையே மூட்டுகளைப் பகையெனக் கருதித் தாக்குவது இந்நோய். வலி குறைந்த நாளிலும் உள்ளே அழிவு நடக்கக்கூடும். வளைந்த விரல் பின்னர் நிமிர்வது அரிது. பொங்கலன்று சென்றபோது கோலமாவை எடுக்க அவர் விரல்கள் கூடவில்லை. மருந்துப் பெட்டியைத் திறந்தேன். கடை ரசீதில் இரண்டு திங்களுக்கு முந்தைய தேதி. ஒரு மாதத்துக்கென வாங்கிய அட்டையில் இன்னும் மாத்திரை மீதி! ஒருநாள் விட்டு ஒருநாள் உண்டிருக்கிறார். மருந்துக்கும் இரத்தப் பரிசோதனைக்குமாக மாதம் 4,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. “பிள்ளை வீட்டுக் கடன் கட்டுகிறான். அவனிடம் எப்படிக் கேட்பது, தம்பி?” என்றார். என்னிடமும் கேட்கவில்லை. நானும் கேட்கும்படி நடந்துகொள்ளவில்லை.

அதன்பின் நாங்கள் அலைந்து அறிந்தவற்றைச் சொல்கிறேன். முதலில், மருத்துவரிடம் மறைக்காமல், “இவ்வளவு எங்களால் இயலாது” என்று சொன்னோம். அவர் சினக்கவில்லை. நிறுவனப் பெயரை விடுத்து மருந்தின் மூலப்பெயரை எழுதித் தந்தார். 2008இல் தொடங்கிய மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் கேட்க வேண்டியது அந்தப் பெயரைத்தான். எல்லாக் கடையிலும் எல்லா மருந்தும் இருப்பதில்லை. புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினோம்.

இந்நோய்க்கு அடிப்படையான மெத்தோட்ரெக்சேட், ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்பாசலசின் ஆகியவை இன்றியமையா மருந்துகளின் தேசியப் பட்டியலில் உள்ளவை. புதியவற்றோடு ஒப்பிட மிக மலிவானவை. மெத்தோட்ரெக்சேட் குறித்து ஓர் எச்சரிக்கை. அது வாரம் ஒருமுறை உண்ணும் மருந்து. நாள்தோறும் உண்ணும் மற்ற மாத்திரைகளோடு தவறிச் சேர்த்து உண்டால் உயிருக்கே கேடு. கிழமையைச் சீட்டின்மேல் பெரிதாக எழுதி வையுங்கள். இரவுணவு கொள்ளாத நம் வழக்கத்தையும் மருத்துவரிடம் கூறி, கதிரவன் மறையுமுன் உண்ணத்தக்க வேளையைக் கேட்டுப் பெறுங்கள்.

அடாலிமுமாப் என்னும் ஊசி மருந்து சிலருக்குத் தேவைப்படும். அதனோடு ஒத்த உயிரிய மருந்தை 2014 டிசம்பரில் நம் நாட்டு நிறுவனம் ஒன்று மூல மருந்தைவிட மிகக் குறைந்த விலைக்கு வெளியிட்டது. எனவே ஊசி என்றதும் நகையை அடகு வைக்க ஓடாமல், ஒத்த மருந்து உண்டா என முதலில் வினவுக.

அரசு மருத்துவமனையை நம்மவர் பலர் மதிப்பதில்லை. செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் வாயிலிலேயே இருக்கிறது. வாதநோய்க்கெனத் தனி நிலையம் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் உண்டு. செங்கற்பட்டு மின்ரயிலில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தொலைவு. அங்கு இருப்பில் உள்ள மருந்து விலையின்றிக் கிடைக்கும். காத்திருக்க வேண்டும்; உண்மைதான். உடன் ஒருவர் சென்றால் காத்திருப்பு எளிதாகும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை நம்பி இருந்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உதவும், மாதந்தோறும் வாங்கும் மாத்திரைக்கு அன்று.

இனி, நாம் வீணாக்கும் பணம். மூட்டுத் தேய்மானத்துக்கென்று குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் கலந்த மாத்திரைகள் நம் இல்லங்கள் பலவற்றில் இருக்கின்றன. குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்தும், காண்ட்ராய்டின் விலங்கின் குருத்தெலும்பிலிருந்தும் எடுக்கப்படுபவை! மாமல்லபுரக் கடற்கரையில் வலைகளைக் கண்டு முகம் திருப்பிச் செல்லும் நாம், அவற்றின் ஓட்டை விலை கொடுத்து விழுங்குகிறோம். 2006இல் அமெரிக்காவில் 1,500க்கு மேற்பட்டோரிடம் நடத்தி வெளியிட்ட ஆய்வில், அவை மொத்தத்தில் வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை. அத்தொகை உண்மை மருந்துக்குச் செல்லட்டும். கூண்டு மாத்திரைகளின் உறையும் பெரும்பாலும் விலங்குப் பசையே; மாற்று உண்டா எனக் கேளுங்கள். பெயரில்லாப் பொடிகளை நாடாதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல், பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் என்னும் ஆதுலசாலையைக் கூறுகிறது. மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்டிர் ஆகியோருக்கு உரிய ஊதியத்தையும், சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளையும் பெயர் பெயராக எழுதியிருக்கிறார்கள். மருந்து தீர்ந்தபின் தேடவில்லை. முன்கூட்டியே இருப்பு வைத்தார்கள். அந்த வரிகளைப் படிக்கும்போது எனக்கு நாணமாக இருந்தது.

நால்வகைத் தானங்களுள் அன்னத்தை நாம் குறைவின்றிச் செய்கிறோம். இன்றைய விருந்தின் இனிப்பு மூன்று வகை. அறக்கட்டளைப் பெரியோர் முன் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். அடுத்த ஆண்டு அம்மூன்றில் இரண்டை நிறுத்தி, அத்தொகையை ஔடததானக் கணக்கு ஒன்றில் இடுங்கள். உதவியைப் பணமாகக் கொடுக்க வேண்டா, வாங்குவோர் கூசுவர். கணக்கைக் கவனிக்கும் ஒருவர் மருந்தை வாங்கி இல்லத்தில் சேர்க்கட்டும். பெயர் ஏட்டில் இருக்கட்டும், பலகையில் ஏற வேண்டா. முதல் ஆறு திங்களுக்கான தொகையில் ஒரு பகுதியை என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன்.

தமக்கையார் இப்போது மாத்திரையைத் தவறாமல் உண்கிறார். வலக்கைச் சுட்டுவிரல் மட்டும் வளைந்தபடியே இருக்கிறது.

வரும் ஞாயிறு காலை, வழிபாடு முடிந்தபின் நானும், நம் குடும்பங்களைச் சேர்ந்த மருந்தாளுநர் ஒருவரும் இம்மண்டபத்தில் இருப்போம். மருந்துச் சீட்டின் படியும் கடைசியாக வாங்கிய ரசீதும் எடுத்து வாருங்கள். வர இயலாதவர் சீட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினாலும் போதும்.