ஒளிக்கு அகப்படாத பூதம்



ஓர் அலுமினியத் துண்டுக்குள் கோடானுகோடி எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் கட்டுப்படாமல் திரிகின்றன. அவற்றில் ஒரு கூட்டம் சற்று நகர்ந்தால், விட்டுப்போன இடத்தில் நேர்மின்னூட்டம் மிஞ்சும். அது அவற்றைத் திரும்ப இழுக்கும். வந்த வேகத்தில் அவை இடம் தாண்டிப் போகும், மறுபடி இழுபடும். மொத்தக் கூட்டமும் சேர்ந்து ஆடும் இந்த ஆட்டம்தான் பிளாஸ்மா அலைவு. 1950-களின் தொடக்கத்தில் டேவிட் போமும் அவருடைய மாணவர் டேவிட் பைன்ஸும் உலோகங்களுக்கு இதன் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். 

இந்த ஆட்டத்தைக் கிளப்ப நிறைய ஆற்றல் வேண்டும். அலுமினியத்தில் ஏறக்குறைய 15 எலக்ட்ரான் வோல்ட். ஊதா ஒளியின் ஒரு துகளிடமோ சுமார் 3தான் உண்டு.

1956-இல் பைன்ஸுக்கு ஒரு விபரீத யோசனை வந்தது. ஓர் உலோகத்தில் இரண்டு வகை எலக்ட்ரான்கள் இருந்து, அவை எதிரெதிராக ஆடினால்? கோலாட்டத்தில் ஒருவர் விலகும் இடத்துக்கு இன்னொருவர் வந்துவிடுவதுபோல, ஒரு வகை விலகும் இடத்தை மற்றது நிரப்பிவிடும். மின்னூட்டம் எங்கும் குவியாது. ஆகவே நீண்ட அலைகளுக்கு ஆற்றல் செலவு கிட்டத்தட்ட இல்லை. அதே காரணத்தால் ஒளியாலும் அதைத் தொட முடியாது. இயற்பியலாளர் மாக்ஸ்வெல் கற்பனை செய்த பூதத்தை நினைத்து, இதற்கும் பூதம் என்றே பெயர் வைத்தார் பைன்ஸ்.

அது பிடிபட 67 ஆண்டுகள் ஆயின. பிடிபட்ட இடம் ஸ்ட்ரான்ஷியம் ருத்தனேட் என்ற அடுக்குப் படிகம். ருத்தேனியமும் ஆக்சிஜனும் சேர்ந்த தகடுகள், இடையிடையே ஸ்ட்ரான்ஷியம். தகட்டுக்குள் எலக்ட்ரான்கள் தாராளமாக ஓடும்; தகடு விட்டுத் தகடு தாவுவது கடினம். முக்கியமாக, ஒரே தகட்டில் வேகம் வேறுபட்ட எலக்ட்ரான் வகைகள் உண்டு.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பீட்டர் அபமோன்டேயின் குழு இந்தப் படிகத்தின்மேல் எலக்ட்ரான்களை மோதவிட்டு, தெறித்து வருபவை எவ்வளவு ஆற்றலை இழந்தன, எந்தத் திசையில் திரும்பின என்று அளந்தது. அவர்கள் பூதத்தைத் தேடவே இல்லை. கண்ணில் பட்டதோ நொடிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் ஓடும் ஓர் அலை. படிக அதிர்வு என்று சொல்ல முடியாத வேகம்; உலோகப் பரப்பில் ஓடும் பிளாஸ்மா அலைவு, அதாவது மேற்பரப்பு பிளாஸ்மான், என்றால் மிக மந்தம். கணக்குப் போட்டுப் பார்த்தபோது, இரண்டு வகை எலக்ட்ரான்கள் எதிரெதிராக ஆடுவது தெரிந்தது. 2023-இல் முடிவு வெளியானது. பைன்ஸ் பல்லாண்டுகள் பணியாற்றியதும் இதே பல்கலைக்கழகத்தில்தான். அவர் 2018-இலேயே காலமாகிவிட்டார்.

இந்தப் படிகம் கடுங்குளிரில் மின்தடையின்றி மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்தியும்கூட. அதனால் இதைக் கேட்டதும் மீக்கடத்திகளின் புதிர் அவிழ்ந்துவிட்டது என்று தாவ வேண்டாம். பூதம் அறை வெப்பநிலையிலேயே தென்படுகிறது. ஆனால் இந்தப் படிகம் மீக்கடத்தியாவது சுமார் 1.5 கெல்வினுக்குக் கீழேதான்.