பாட்டன் பெயரை எழுதி வையுங்கள்



திண்டுக்கல் என்றதும் வெளியூரார் பூட்டையும் புகையிலையையும் சொல்வர். தோல் ஷாப்புகளைச் சொல்வோர் சிலரே. சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டி, மயிர் களைந்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய கைகள் நம் பாட்டன்மாருடையவை. இந்நகரில் வழக்கறிஞராக வாழ்ந்த டி. செல்வராஜ் அத்தொழிலாளர் வாழ்வைத் ‘தோல்’ என்னும் நாவலாக்கினார். அது 2012இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. பெருமைதான். ஆயினும் அந்நாவலில் உங்கள் பாட்டன் பெயர் இராது. அதை எழுத வேண்டியவர் நீங்களே.

அயோத்திதாசப் பண்டிதர் அதனைச் செய்தார். ஆங்கிலேயர் ஒருவரிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன், வீட்டிலிருந்த திருக்குறள் ஏட்டை எல்லிஸ் துரைக்குக் கிடைக்கச் செய்தார் என்னும் குடும்பச் செய்தியை எழுத்தில் வைத்தார். குறள் 1812இல் அச்சேறிய வரலாற்றைப் பேசும்போது இன்று கந்தப்பன் பெயரும் பேசப்படுகிறது. பேரன் எழுதியிராவிடில் பேசப்படுமா?

தோல் ஷாப்பு வேலை என்று எழுத நம்மில் படித்தவர் சிலர் கூசுகின்றனர். கூச்சம் எதற்கு? அக்கூலியன்றோ நம் சிலேட்டும் புத்தகமும் ஆயிற்று!

கைப்பேசியில் குரலைப் பதிவது நன்று. ஆனால் பேசியவர் யார், எந்த ஆண்டு என்று நோட்டில் குறிக்காவிடில், பின்வருவோர்க்கு அது யாரோ ஒரு கிழவியின் குரல். இன்றிரவே பாட்டியிடம் அமருங்கள். முதலில் அவர் தாயின் பெயரைக் கேளுங்கள். நம்மில் பலர் அதை அறியோம்.