வழுக்கி விழுந்த வாத்தியார்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



"ஐந்து நிமிடம் பேசுங்கள், பிள்ளைகளுக்குப் பயன்படுகிற மாதிரி இருக்கட்டும்" என்றார் தலைமையாசிரியர். கல்வியின் பயன், நேரத்தின் அருமை என்று பேசலாம். அவற்றை ஆண்டுதோறும் பேசியாகிவிட்டது. ஆகவே, சென்ற விடுமுறையில் நான் எத்தனை முறை கீழே விழுந்தேன் என்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆறாம் ஆண்டு மாணவர்கள் இப்பொழுதே சிரிக்கிறார்கள். அவர்கள் நேரில் பார்த்தவர்கள்!

தென் கொரியாவின் பியோங்சாங்கில் 2018ஆம் ஆண்டு நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில்தான் நம் நாடு முதன்முதலாகக் கலந்துகொண்டது. போனவர்கள் இரண்டே பேர். ஜெஃப்ரி வெப் பனிமலைச் சரிவில் சறுக்குபவர். ஜூலியன் யீ பனித்தளத்தில் சறுக்கியபடியே நடனமாடுபவர்; அதற்கு முந்திய ஆண்டு கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றவர். ஒலிம்பிக்கில் முதல் சுற்றில் அவருக்கு 25ஆம் இடம். அடுத்த சுற்றுக்குப் போகிறவர்கள் 24 பேர்! பிறகு 2022இல் பெய்ஜிங்கில் அருவின் சாலேஹுடின் என்ற இளம்பெண்ணும் நமக்காகப் பனிமலையில் சறுக்கினார். மாணவிகள் இதைக் குறித்துக் கொள்ளுங்கள்.

இதை வகுப்பில் சொன்னபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன், "பனியே பெய்யாத ஊர்ல அவரு எங்க சார் கத்துக்கிட்டாரு?" என்று கேட்டான். நல்ல கேள்வி. "நம்ம பக்கத்திலதான்டா, சன்வே பிரமிட் கடைத்தொகுதியில" என்றேன். "அப்ப நாமளும் போலாமே சார்!" என்றான். வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

பெற்றோரிடம் கேட்டபோது ஒரு தாயார் சொன்னார்: "வழுக்கி விழறதுக்குக் காசு கொடுக்கணுமா சார்? மழை பேஞ்சா நம்ம லயத்து வாசல்லயே சும்மா விழலாமே!" அப்படிச் சொன்னவர்தான் முதலில் பணம் கட்டினார், அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பதினான்கு பிள்ளைகள், இரண்டு தாய்மார்கள், துணைக்கு ஒரு பாட்டி. கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினோம். சுபாங் ஜெயா வந்ததும் பாட்டி சன்னலில் முகம் வைத்துக்கொண்டு, "இதெல்லாம் சீபீல்டு தோட்டமாச்சே! பால்மரமா நின்னுச்சே!" என்றார். உண்மைதான். 1970களில்தான் அந்தத் தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறத் தொடங்கியது. அடுத்த நிலையமான செத்தியா ஜெயாவில் இறங்கி, மேம்பாலத்திலேயே ஓடும் மின்சாரப் பேருந்தில் சன்வே போனோம். அது பழைய ஈயச் சுரங்க நிலம். 1997இல் திறந்த கடைத்தொகுதிக்குள், வெளியே வெயில் கொளுத்துகையில், உள்ளே ஒரு திடல் அளவுக்குப் பனிக்கட்டி!

தரைக்கு அடியில் குழாய்கள் பரப்பி, உறைநிலைக்கும் கீழே குளிர்ந்த திரவத்தை அவற்றில் ஓட விட்டு, மேலே தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றி உறைய வைக்கிறார்கள். சறுக்கிச் சறுக்கிக் கீறல் விழுந்தால், ஒரு வண்டி வந்து மேற்பரப்பைச் சீவிவிட்டு வெந்நீர் விடுகிறது. வெந்நீரா என்று வியக்காதீர்கள். சூடு மேல்பனியைச் சற்றே உருக்கி, இரண்டும் ஒன்றாய் உறைந்து கண்ணாடியாகிவிடும்.

நிற்க. நான் நிற்கத்தான் முடியவில்லை! பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய கனத்த காலுறை, அதன்மேல் கத்தி பதித்த காலணி. முதல் அடியில் கால் இரண்டும் முன்னே போயின; மற்றதெல்லாம் கீழே போயிற்று. எழுந்தேன், விழுந்தேன். மூன்றாம் முறை விழுந்தபோது, வெளியே கம்பியைப் பிடித்து நின்ற பாட்டிக்குப் பொறுக்கவில்லை.

"வாத்தியாரே, ஏன் வெறப்பா நிக்கிறீங்க? முட்டிய மடக்குங்க! காண்டாவுல ரெண்டு வாளி பால் தொங்க, மழைச் சரிவுல எறங்குறப்ப நாங்க நிமிந்தா நின்னோம்? வாளி கவிந்தா அன்னைக்குக் கூலி போச்சே!"

பக்கத்தில் நின்ற பயிற்றுநருக்கு இதை மலாயில் சொன்னேன். அவர் சிரித்து, "முதல் பாடமே அதுதான், பாட்டி சொல்லிவிட்டார்" என்றார். மலைச் சரிவில் சறுக்குவோருக்கும் இதுதான் பாடமாம். முட்டி மடங்கி, உடம்பு சற்றே முன்சாய்ந்து இருக்க வேண்டும். பயந்து பின்னால் சாய்ந்தால் சறுக்குப்பலகை நம் பிடியில் நிற்காது. வேகம் குறைக்க, பலகைகளின் முன்முனைகளை நெருக்கிப் பின்முனைகளை அகட்ட வேண்டும். விழத்தான் போகிறோம் என்றால் பக்கவாட்டில் விழ வேண்டும்; கையை ஊன்றக் கூடாது, மணிக்கட்டு போய்விடும்.

அரை மணி நேரத்தில் அந்தக் கடைசி வரிசைப் பையன் கம்பியை விட்டுவிட்டான். நான் கம்பியை விடவே இல்லை. என் இடுப்புயரம்கூட இல்லாத ஒரு சீனக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனது. காது சுட்டது. எனக்கு அப்போது வேறொன்று நினைவுக்கு வந்தது. விடுமுறைக்கு முன் ஒரு நாள் இதே பையனை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். முதல் வரியிலேயே திணறினான். வகுப்பு சிரித்தது. நான் அதட்டவில்லை, நானும் சிரித்தேன்.

அவன் வளைந்து வந்து என் முன் நின்றான். சிரிக்கவில்லை. "சார், கீழ பாக்காதீங்க. எங்க போகணுமோ அங்க பாருங்க. நான் பிடிச்சிக்கிறேன்" என்று கையை நீட்டினான். ஒரு சுற்று வந்தோம். அதிலும் ஒருமுறை விழுந்தோம், இருவருமாக.

பள்ளி திறந்ததிலிருந்து, மற்றவர்கள் போன பிறகு, அவனும் நானும் தினமும் கால்மணி நேரம் உட்காருகிறோம். வரியின்மேல் விரல் வைத்து வாசிக்கிறான். இப்போது அரைப்பக்கம் வந்திருக்கிறது. இன்றைய பரிசுப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. பெயரைச் சொல்ல மாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், கூடத்தில்தான் இருக்கிறான்.

அடுத்த விடுமுறைக்கும் போவதாக இருக்கிறோம். பிள்ளைகளை அனுப்ப விரும்பும் பெற்றோர் விழா முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். இந்த முறை தானும் காலணி போடப் போவதாகப் பாட்டி சொல்லியிருக்கிறார்.