காரணம் கூறும் கடமை

அவைத் தலைவர் அவர்களே, ஜாதவ்பூரிலும் சுற்றுவட்டாரங்களிலும் வாழும் தமிழ்ப் பெருமக்களே, தாய்மார்களே,

இந்த மேடைக்கு வெகு தூரமில்லாத ராஜா சுபோத் சந்திர மல்லிக் சாலையில் இந்திய விஞ்ஞான அபிவிருத்திச் சங்கம் இருப்பதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். 1876-ஆம் ஆண்டில் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் அந்தச் சங்கத்தை ஸ்தாபித்தது இங்கே அன்று. பௌபஜார் வீதியில் 210-ஆம் இலக்க மனையில். நிதி இலாகா உத்தியோகஸ்தராக 1907-இல் இந்தக் கல்கத்தா நகருக்கு வந்து சேர்ந்த சந்திரசேகர வேங்கடராமன், ஆபீஸ் வேலைக்கு முன்னும் பின்னும் கிடைத்த நேரத்தையெல்லாம் அந்த மனையின் பரிசோதனைச் சாலையிலேயே செலவிட்டார். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் பின்னர் அங்கே அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தார். 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி, இரண்டு ஆண்டுகளில் நோபல் பரிசைப் பெற்றுத் தரப்போகிற அந்த ஒளிச்சிதறல் உண்மை அங்கேதான் புலப்பட்டது. சங்கம் ஜாதவ்பூருக்குக் குடிபெயர்ந்த பிறகு அந்தக் கட்டடம் இடிக்கப்பட்டு, இன்று அந்த இடத்தில் ஒரு வணிகக் கல்லூரி நிற்கிறது. பிள்ளைகள் படிக்கும் இடத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் ஊரிலிருந்து வரும் உறவினர் ஒருவர், ராமன் ஆராய்ச்சி செய்த அறையைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், அவருக்குக் காட்ட நம்மிடம் ஒன்றுமில்லை.

இடிக்கலாமா, கூடாதா என்று கேட்டு ஆராய்ந்து அபிப்பிராயம் சொல்ல அந்தக் காலத்தில் ஒரு குழுவும் இல்லை, அதற்கு ஆதாரமான சட்டமும் இல்லை. 1872-இல் எழுந்த கல்கத்தா சர்வகலாசாலையின் செனட் மண்டபம், கம்பீரமான தூண் வரிசையோடு காலேஜ் வீதிக்கே முகமாக விளங்கியது; அதையும் 1960-இல் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். இழப்புகள் இப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்த பின்னரே, 1980-ஆம் ஆண்டின் கல்கத்தா மாநகராட்சிச் சட்டத்தில் 1997-இல் ஒரு புதிய அத்தியாயம் சேர்க்கப்பட்டது; பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் குழு ஒன்றும் அதன்படி ஏற்பட்டது. மாநகராட்சிக் கமிஷனர் அதற்குத் தலைவர். கட்டடக்கலை, சரித்திரம், கலை முதலிய துறைகளில் தேர்ந்தவர்களும் சர்க்கார் இலாகாக்களின் பிரதிநிதிகளும் அங்கத்தினர்கள். 1984 வரை தனி நகரசபையாக இருந்த நமது ஜாதவ்பூரும் அவ்வாண்டு மாநகராட்சியோடு இணைந்துவிட்டபடியால், இந்தக் குழுவின் அதிகாரம் நம் தெருக்களையும் உள்ளடக்கியதே.

குழு தன் காரியத்தை எப்படி நடத்துகிறது என்பதைச் சற்றே விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். ஏனெனில் என் விண்ணப்பம் முழுவதும் அதைப் பற்றியது. 2009-இல் வெளியிடப்பட்ட பட்டியல், கட்டடங்களைத் தரம் பிரித்து வைத்திருக்கிறது. முதல் தரத்துக் கட்டடத்தின் வெளித்தோற்றத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. இரண்டாம் தரத்தில் ‘ஏ’ என்றும் ‘பி’ என்றும் இரு பிரிவுகள் உண்டு: முன்னதில் கட்டடத்தின் தோற்றம் மாறாதபடி, சுற்றியுள்ள காலி நிலத்தில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கட்டிக்கொள்ளலாம், பின்னதில், பழைய அமைப்போடு ஒத்துப்போகுமானால் பக்கவாட்டிலும் மேலேயும் சேர்த்துக் கட்டவும் அனுமதி கிடைக்கும், ஆனால் முழுவதும் இடிப்பதற்கு இடமில்லை. மூன்றாம் தரத்துக் கட்டடமோ இடிபடலாம். அங்கே இன்னது இருந்தது என்று அறிவிக்கும் ஒரு பலகை நிற்கும். ஆகவே, சொந்தக்காரர் வரைபடத்தைக் கொண்டுவந்து கொடுத்து, அது குழுவின் முன் வந்து, அங்கத்தினர்கள் ஆராய்ந்து, திருத்தம் கேட்டு, முடிவில் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்கிற அந்த நடைமுறை முழுவதும், எந்த எழுத்து அந்த வீட்டின் பெயருக்கு எதிரே பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறது என்ற ஒரே ஒரு விஷயத்தின் மீது நிற்கிறது. அந்த எழுத்தை மாற்றிவிட்டால் பிறகு அனுமதி என்ற பேச்சே மிச்சமில்லை.

லிட்டில் ரஸ்ஸல் வீதியில் இருந்த பழைய கெனில்வொர்த் ஹோட்டலுக்கு நேர்ந்தது இதுதான். இரண்டாம் தரத்தின் ‘ஏ’ பிரிவில் இருந்த அந்தக் கட்டடம் மூன்றாம் தரத்துக்கு இறக்கப்பட்டது, 2017-இல் இடிக்கப்பட்டது. நகரத்தின் பழைய வீடுகளைக் காப்பதற்காக அதற்கு முன்பே இயக்கம் நடத்திவந்த நாவலாசிரியர் அமித் சௌதுரி போன்றவர்களும், பத்திரிகைகளும், கட்டடக்கலை அறிந்தவர்களும் மனம் வெதும்பிக் கண்டித்தார்கள். கட்டடம் போனதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆயினும் அதைவிட அதிகமாக என்னை வருத்துவது, நேற்று வரையில் பாதுகாக்கத் தக்கதாக இருந்த ஒரு கட்டடம் இன்று எதனால் அந்தத் தகுதியை இழந்தது என்பதை, சாலையில் போகிற ஒரு சாதாரணப் பிரஜை இடிப்பதற்கு முன்பே படித்துத் தெரிந்துகொள்ள வழியில்லாமற் போனதுதான். நீதிமன்றம் ஒருவருடைய வேலி ஓரத்து ஒரு சாண் நிலத்தைப் பற்றித் தீர்ப்பளித்தாலும் காரணங்களை எழுதி, திறந்த மன்றத்தில் வாசிக்கிறது. ஒரு தெருவின் நூறு வருஷத்து முகத்தை மாற்றும் முடிவுக்கு அதில் பாதியளவு மரியாதையேனும் வேண்டாமா?

வீட்டுக்காரரின் கஷ்டத்தை நான் அறியாதவன் அல்லன். அவருடைய கட்சியையும் சபையோர் பொறுமையோடு கேட்க வேண்டும். சிவப்புச் சிமெண்டுத் தரையும், பச்சை மரச் சட்டங்கள் வைத்த ஜன்னல்களும், தெருவை நோக்கிய ரோயாக் என்னும் திண்ணையும் கொண்ட ஒரு பழைய வீடு, நம் ஊர்த் திண்ணை வீட்டைப் போலவே, அண்ணன் தம்பி, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்று எத்தனையோ பங்காளிகளுக்குப் பாத்தியப்பட்டது. அவர்களில் பாதிப் பேர் வெளியூரில். கீழ்த்தளத்தில் குடியிருப்பவர் தருவது தாத்தா காலத்து வாடகை. ஆலங்கன்று கூரையைப் பிளந்துகொண்டிருக்கிறது. இந்த நிலையில் புரமோட்டர் வந்து, ஆளுக்கு ஒரு பிளாட்டும் கையில் ரொக்கமும் தருகிறேன் என்கிறார். மறுபுறம் குழு, ஜன்னலை மாற்றாதே, தூணைத் தொடாதே என்கிறது. தொடாமல் காப்பாற்றுவதற்கு ஆகும் பணத்தை யார் தருவார்கள் என்று சொல்வதில்லை. அரவிந்தர் தங்கியிருந்ததும், நம் சாலைக்குத் தன் பெயரைத் தந்த சுபோத் மல்லிக்குக்குச் சொந்தமானதுமான வெல்லிங்டன் சதுக்கத்து மாளிகை பல்லாண்டுகளாகச் சிதிலமடைந்து கிடப்பதைப் பார்க்கிறவர்களுக்கு, இடிக்காதே என்ற தடை ஒன்று மட்டும் ஒரு சுவரையும் நிறுத்தி வைக்காது என்பது விளங்கும். பம்பாயில் 1995-இல் ஏற்பட்ட பாரம்பரிய விதிகள், தன் மனையில் கட்ட முடியாமற்போன பரப்புக்கு ஈடான உரிமையை வேறிடத்தில் விற்றுக்கொள்ளச் சொந்தக்காரருக்கு வழி செய்தன. வரி விலக்கோ, இத்தகைய உரிமை மாற்றமோ, பழுதுபார்க்கும் கடனோ, ஏதாவது ஓர் உதவி அனுமதிக் கடிதத்தோடு சேர்ந்தே வருமானால், வீட்டுக்காரர் குழுவைத் தம் சத்துருவாக நினைக்கமாட்டார்.

நம்முடைய சென்னையிலும் இந்தக் கதை வேறு விதமாக நடந்தது. மவுண்ட் ரோடில், டபிள்யூ. இ. ஸ்மித் கம்பெனியார் 1897-இல் கட்டிய கார்டில் கட்டடம், பிற்காலத்தில் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம் என்று பெயர் பெற்றது. 2006-இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரியத்தைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பினர் ஹைகோர்ட்டை நாடினார்கள். 2010 ஏப்ரலில் வந்த தீர்ப்பு அந்தக் கட்டடத்தைக் காத்ததோடு நில்லாமல், நீதிபதி பத்மநாபன் குழு குறித்து வைத்த 467 கட்டடங்களைச் சீர்தூக்கிப் பார்க்க ஒரு பாரம்பரியக் குழுவை அமைக்கவும் வழி வகுத்தது. நான் அந்தத் தீர்ப்பைப் போற்றுகிறேன். ஆனால் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு வழக்கு, நாலு வருஷ விசாரணை என்றால், எந்த ஊரில் எத்தனை கட்டடங்கள் தப்பும்? இங்கே கல்கத்தாவின் டல்ஹௌசி சதுக்கத்தில் 1833-ஆம் வருஷத்துக் கரன்ஸி கட்டடத்தின் நடு மண்டபக் குவிமாடங்கள் விழுந்த பிறகே இடிப்பு நின்றது. தொல்பொருள் இலாகா அதைச் செப்பனிட்டு, 2020 ஜனவரியில் கலைக்கூடமாகத் திறந்தபோது, மண்டபத்தின் நடுவே வானம் தெரிந்தது.

இனி, ஜாதவ்பூரைப் பற்றி. தேச விபஜனத்தின்போது வீடு வாசல் இழந்து கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள், யுத்த காலத்துச் சிப்பாய்களின் வெற்றுக் கொட்டகைகளிலும் தரிசு நிலங்களிலும் தங்கள் கையாலேயே குடியேற்றங்களை எழுப்பினார்கள். விஜயகட் அவற்றில் மூத்தது. அங்கே எழுந்த பள்ளிக்கூடங்களுக்கும், ஓட்டு வீடுகளுக்கும், குளக்கரைகளுக்கும் தூண் இல்லை, சிற்பம் இல்லை; ஆகையால் கட்டடக்கலையின் கண்ணில் அவை எளிதில் படமாட்டா. என் அபிப்பிராயத்தில், இந்நகரத்தின் சரித்திரத்தில் பெரிய ஜமீன்தார் மாளிகை எதற்கும் அவை சளைத்தவை அல்ல. பிளாட்டுகள் அவற்றை விரைவாக விழுங்கி வருகின்றன. குழு தனித்தனிக் கட்டடங்களை எண்ணுவதோடு நில்லாமல், ஒரு தெருவையோ ஒரு குடியேற்றத்தையோ முழுமையாகக் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆதலால், மாநகராட்சிக்கு அனுப்பும்பொருட்டு, பின்வரும் தீர்மானத்தைச் சபையின் முன் வைக்கிறேன். பட்டியலில் உள்ள எந்தக் கட்டடத்திலும் மாறுதல் செய்யவோ அதன் தரத்தைக் குறைக்கவோ விண்ணப்பம் வந்தால், அதன் சாராம்சம் வங்காள மொழியிலும் ஆங்கிலத்திலும் அந்த வீட்டு வாசலிலும் வார்டு ஆபீசிலும் முப்பது நாட்களுக்குக் குறையாமல் ஒட்டப்பட வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்களை, தெருவாசிகளைக்கூட, குழு நேரில் கேட்க வேண்டும். முடிவும் அதற்குரிய காரணங்களும், மாறுபட்ட அபிப்பிராயம் கொண்ட அங்கத்தினரின் குறிப்பும் வெளியிடப்பட வேண்டும். வெளியான நாளிலிருந்து அறுபது நாட்கள் கழியும் முன் ஒரு செங்கல்லும் பெயர்க்கப்படக் கூடாது. விஜயகட் முதலிய குடியேற்றங்களை நேரில் பார்வையிட்டு, பட்டியலில் சேர்க்கத் தக்கவற்றைக் குழு இவ்வாண்டுக்குள் குறிக்க வேண்டும். இந்தத் தீர்மானத்தை ஆமோதித்துப் பேச அடுத்த பேச்சாளரை அழைக்குமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.