எழுவாயும் பயனிலையும் ஒத்து நடக்கட்டும்

(மலாக்கா மாநிலம், நியாலாஸ் வட்டாரத்துத் தோட்டங்களைச் சேர்ந்த பெற்றோரும் இளைஞரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இலக்கணம். இலக்கணம் என்றதும் அது பள்ளிப் பிள்ளைகளின் சுமை என்று எண்ணி ஒதுங்குவோர் உளர். ஆனால் ஆலயத் திருவிழாவுக்கு அறிவிப்பு எழுதுவோர் நம்முள் இருக்கின்றனர். கூட்டக் குறிப்பு எழுதும் செயலாளர்கள் இருக்கின்றனர். தொழிற்சங்கத்திற்கு முறையீடு எழுதுவோரும், வெளியூரில் வாழும் மக்களுக்குச் செய்தி அனுப்பும் தாய் தந்தையரும் இருக்கின்றனர். இவர்கள் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்திலும், செய்தவர் யார், எத்தனை பேர் என்னும் செய்தி அடங்கியிருக்கிறது. அச்செய்தியைச் சுமந்து நிற்பது வினைச்சொல்லின் இறுதியில் உள்ள ஓரிரு எழுத்துகளே. அவை பிறழ்ந்தால் செய்தியும் பிறழ்ந்துவிடும்.

மூன்று மொழிகள், மூன்று வழிகள்

நம் பிள்ளைகள் பள்ளியில் தேசிய மொழியையும் தமிழையும் ஆங்கிலத்தையும் பயில்கின்றனர். இம்மூன்றும் இவ்விடயத்தில் மூன்று வழிகளில் செல்கின்றன. மலாயில் ‘சாயா பெர்கி’, ‘டியா பெர்கி’, ‘மெரேக்கா பெர்கி’ என்கிறோம். நான், அவன், அவர்கள் என எழுவாய் மாறினும் ‘பெர்கி’ மாறுவதில்லை. ‘டியா’ என்னும் சொல் ஆணையும் குறிக்கும்; பெண்ணையும் குறிக்கும். ஆங்கிலத்திலோ, நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு மட்டும் வினையின் இறுதியில் ஓர் ஒலி கூடுகிறது. இறந்தகாலத்தில் பெரும்பாலான வினைகளில் அந்த மாற்றமும் இல்லை.

தமிழோ, வினைமுற்றிலேயே எழுவாயின் அடையாளத்தைப் பதித்துவிடுகிறது. சென்றேன், சென்றோம், சென்றாய், சென்றீர்கள், சென்றான், சென்றாள், சென்றார், சென்றனர், சென்றது, சென்றன என ஒரே செயல் பல வடிவங்களில் வருகிறது. ஆகவேதான் ‘சென்றாள்’ என்னும் ஒரு சொல்லே முழு வாக்கியமாக நிற்க இயலுகிறது. சென்றவர் ஒருவர், அவர் பெண், செயல் முடிந்துவிட்டது என்னும் மூன்று செய்திகளையும் அச்சொல் ஒன்றே தந்துவிடுகிறது. எழுவாயைச் சொல்லாமலே விடும் உரிமையைத் தமிழ் நமக்கு அளித்திருக்கிறது. அவ்வுரிமைக்கு ஈடாக, வினையின் இறுதி பிழையின்றி அமைய வேண்டும் என்று அது கேட்கிறது.

இதன் இன்றியமையாமையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம், உயர்திணை, அஃறிணை என்னும் பகுப்போடுதான் தொடங்குகிறது. ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என்னும் ஐந்து பால்களையும் அது வகுத்துக் காட்டுகிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிலும் வழு நேரலாம் என்று எச்சரிக்கிறது. வழு என்பது பிழை. ஏழனுள் முதல் மூன்றும் நாம் இன்று பேசும் பொருளைச் சேர்ந்தவை.

மிகுதியாக நேரும் பிழை

‘மாடுகள் வந்தது’, ‘மரங்கள் சாய்ந்தது’, ‘நாற்காலிகள் உள்ளது’ என்று எழுதுவதே இன்று மிகுதியாகக் காணப்படும் பிழை. எழுவாய் பன்மை, பயனிலை ஒருமை. ‘மாடுகள் வந்தன’, ‘மரங்கள் சாய்ந்தன’, ‘நாற்காலிகள் உள்ளன’ என்பனவே சரியான வடிவங்கள்.

இப்பிழை ஏன் நேருகிறது? நம் பேச்சுத் தமிழில் ‘மாடு வந்துச்சு’, ‘மாடுங்க வந்துச்சு’ என்று இரண்டுக்கும் ஒரே வினைதான். அஃறிணையில் ஒருமை பன்மை வேறுபாட்டைப் பேச்சு வழக்கு கைவிட்டுவிட்டது. வீட்டில் கேட்டதைப் பிள்ளை ஏட்டில் எழுதுகிறது, அவ்வளவே. இதற்காகப் பிள்ளையின் தமிழையோ நம் வீட்டுத் தமிழையோ பழிப்பது முறையாகாது. பேச்சுத் தமிழுக்கும் விதிகள் உண்டு. ‘அவங்க வந்துச்சு’ என்று நம் வீட்டுப் பிள்ளை சொல்வதில்லை. ‘அவங்க வந்தாங்க’ என்றே சொல்கிறது. இயைபு என்னும் உணர்வு அதன் நாவில் முன்னரே இருக்கிறது. எழுத்துத் தமிழ் கூடுதலாகக் கேட்கும் ஒன்றிரண்டு வடிவங்களைக் கற்றுக்கொடுத்தால் போதும். ‘உனக்குத் தமிழே வரவில்லை’ என்று சொல்லிவிட்டாலோ, அப்பிள்ளை எழுதுவதையே விட்டுவிடும். பிழையைவிட அது பெரிய இழப்பாகும்.

இன்னொன்றையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். அஃறிணைப் பெயர் ‘கள்’ சேராமலும் பன்மையைக் குறிக்கும். ‘மாடு வந்தது’ என்றால் ஒன்று. ‘மாடு வந்தன’ என்றால் பல. பெயர் மாறவில்லை, எண்ணிக்கையைச் சொன்னது வினையே. ‘பத்துக் குலை விழுந்தன’ என்பதும் அத்தகையதே. ஆயின் எதிர்காலத்தில் இவ்வேறுபாடு இல்லை. ‘மாடு வரும்’, ‘மாடுகள் வரும்’ என இரண்டும் ஒன்றே. வேண்டும், கூடாது, உண்டு, இல்லை ஆகிய சொற்களும் இக்காலத் தமிழில் எழுவாய்க்கேற்ப மாறுவதில்லை. இவற்றைப் பற்றிப் பிள்ளைகள் கவலைப்பட வேண்டியதில்லை.

எழுவாயைத் தேடிப் பிடித்தல்

பயனிலைக்கு அருகில் நிற்கும் சொல்லே எழுவாய் என்று மயங்குவதாலும் பிழை நேரும். ‘மாணவர்களின் வருகை குறைந்துள்ளனர்’ என்று எழுதிவிடுகிறோம். குறைந்தவர்கள் மாணவர்களா? இல்லை, குறைந்தது வருகை. ஆகவே ‘மாணவர்களின் வருகை குறைந்துள்ளது’ என்பதே சரி. ‘எங்களுக்கு இரண்டு வாளிகள் கிடைத்தன’ என்பதில் ‘எங்களுக்கு’ எழுவாயன்று. கிடைத்தவை வாளிகள், வினை அவற்றோடுதான் இயைகிறது.

‘சங்கம் முடிவு செய்தனர்’ என்பதும் அடிக்கடி காணும் பிழை. சங்கம், குழு, கழகம், அரசாங்கம் ஆகியவற்றுள் பலர் இருப்பினும் இச்சொற்கள் அஃறிணை ஒருமையே. ‘சங்கம் முடிவு செய்தது’ என்றும் ‘சங்கத்தினர் முடிவு செய்தனர்’ என்றும் எழுத வேண்டும். ‘மக்கள்’ என்னும் சொல்லோ பலர்பால். ‘மக்கள் திரண்டனர்’ என்றே வரும். ‘ஒவ்வொரு’ என்று தொடங்கினால் ஒருமையில் முடிக்க வேண்டும். ‘ஒவ்வொரு தொழிலாளியும் தம் அடையாள அட்டையைக் கொண்டுவந்தார்’ என்பது சரி. ‘கொண்டுவந்தனர்’ என்பது பிழை.

தன்மையும் பிற இடங்களும் கலந்து வரும்போது தன்மையே வெல்லும். ‘நானும் அவனும் சென்றோம்’, ‘நானும் நீயும் சென்றோம்’ என்கிறோம். முன்னிலையும் படர்க்கையும் கலந்தால் முன்னிலை வெல்லும். ‘நீயும் அவனும் சென்றீர்கள்’ என்பது காண்க.

நாமும் நாங்களும்

இனி, பெயருக்குப் பதிலாக வரும் சொற்களைக் காண்போம். ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே இருக்கிறார். ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. மலாயில் உண்டு, ‘கிதா’ என்பது நாம், ‘காமி’ என்பது நாங்கள். தேசிய மொழியை நன்கறிந்த நம் இளைஞருக்கு இதை விளக்க இதனினும் எளிய வழி வேறில்லை.

இங்கே வினைச்சொல் நமக்குத் துணை வருவதில்லை என்பதைக் கருத வேண்டும். ‘நாம் சென்றோம்’, ‘நாங்கள் சென்றோம்’ என வினை இரண்டிடத்தும் ஒன்றே. எனவே பொறுப்பு முழுவதும் அந்த ஒரு சொல்லின்மீதே விழுகிறது. ஆலயத் திருப்பணிக்கு நிதி வேண்டி, ‘நாங்கள் அனைவரும் பங்கு கொள்வோம்’ என்று அறிவிப்பு எழுதினால், படிப்பவர் தம்மை அழைக்கவில்லை என்றே கொள்வார். ‘நாம் அனைவரும் பங்கு கொள்வோம்’ என்பதே அழைப்பு. நிருவாகிக்கு எழுதும் முறையீட்டில், ‘நாம் நான்கு மாதங்களாகக் குடிநீரின்றி இருக்கிறோம்’ என்றால், நிருவாகியும் அவ்விடர்ப்பட்டோருள் ஒருவராகிவிடுகிறார். அங்கு வேண்டியது ‘நாங்கள்’.

யாருடைய சம்பளச் சீட்டு?

‘முத்து வேலுவிடம் தன் சம்பளச் சீட்டைக் கொடுத்தான்’ என்றால் சீட்டு முத்துவினுடையது. ‘தன்’ என்பது எழுவாயையே சுட்டும். ‘முத்து வேலுவிடம் அவன் சம்பளச் சீட்டைக் கொடுத்தான்’ என்றால் சீட்டு வேலுவினுடையது என்றோ வேறொருவனுடையது என்றோ பொருள்படும். ஒரு சொல் மாறியதும் உடைமையே கைமாறிவிட்டது. எழுவாய் மதிப்புக்குரியவராயின் ‘தம்’ என்றும், பலராயின் ‘தம்’ அல்லது ‘தங்கள்’ என்றும் வரும். ‘ஆசிரியர் தம் நூலைத் தந்தார்’, ‘பிள்ளைகள் தங்கள் நூல்களைத் தந்தனர்’ எனக் காண்க.

விபத்தைப் பற்றியோ பூசலைப் பற்றியோ எழுதும்போது மேலும் கவனம் தேவை. ‘மண்டோரும் ஓட்டுநரும் பேசிக்கொண்டிருந்தனர். அவர் இயந்திரத்தை நிறுத்தவில்லை’ என்று எழுதினால், நிறுத்தாதவர் யார்? எழுதியவருக்குத் தெரியும், படிப்பவருக்குத் தெரியாது. குற்றமில்லாதவர்மீது பழி விழ இந்த ஒரு சொல் போதும். இத்தகைய இடங்களில் ‘அவர்’ என்பதை விலக்கி, ‘ஓட்டுநர்’ என்று பெயரையே மீண்டும் எழுதுவது நன்று. கூறியது கூறலாகுமே என்று தயங்க வேண்டியதில்லை.

மதிப்பும் இலக்கணமே

‘அவர்’ என்பது முற்காலத்தில் பலரைக் குறித்த சொல். மதிப்பின் காரணமாக ஒருவரையும் குறிக்கத் தொடங்கியது. இலக்கண நூலார் இதனைத் தள்ளவில்லை; வழுவமைதி என்று ஏற்றுக்கொண்டனர். விதி சற்றே விலகினும் தக்க காரணம் உள்ளதால் அமைக என்பது அதன் கருத்து. மலாய் மொழியிலும் ‘டியா’ என்பதற்கு மேலாக ‘பெலியாவ்’ என்னும் மதிப்புச் சொல் உண்டு.

இது நம் தோட்ட மக்களுக்கு வெறும் ஏட்டுச் செய்தியன்று. கங்காணி முறையில் நம் முன்னோர் மலாயாவுக்கு அழைத்துவரப்பட்ட காலம் இருந்தது. உதவி பெற்று வந்த தொழிலாளர் குடியேற்றத்தை 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தடை செய்தது. அக்காலத் தோட்டங்களில், பேரப்பிள்ளை கண்ட முதியவரும் பிரட்டுக் களத்தில் ‘அவன்’ என்றும் ‘நீ’ என்றும் குறிக்கப்பட்டார். மரியாதை மறுக்கப்பட்டது ஒரு விகுதியால். அதை அறிந்த நாம், மரம் வெட்டுபவரையும் குலை அறுப்பவரையும் பற்றி எழுதும்போது ‘வந்தார்’, ‘உழைத்தார்’ என்றே எழுத வேண்டும். ஒரு பத்தியில் ‘அவர் வந்தார்’ என்று தொடங்கி, அடுத்ததில் ‘அவன் சொன்னான்’ என்று இறங்குவது இலக்கணப் பிழையும் ஆகும். பண்புப் பிழையும் ஆகும்.

வீட்டில் செய்யத்தக்கது

பெற்றோர் இலக்கண நூலைக் கற்றுத் தேர வேண்டியதில்லை. பிள்ளை எழுதிய கட்டுரையை அதன் வாயாலேயே உரக்கப் படிக்கச் செய்யுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் வினையை முதலில் காணச் செய்து, மூன்று கேள்விகளைக் கேளுங்கள். செய்தவர் யார், அல்லது செய்தது எது? ஒன்றா, பலவா? மதிப்புக்குரியவரா? விடைகளோடு வினையின் இறுதி பொருந்தினால் வாக்கியம் சரி. ‘நட’ என்பது போன்ற ஒரு வினையைத் தந்து, நான் முதல் அவை வரை எழுவாயை மாற்றி மாற்றிச் சொல்லச் செய்வதும் நல்ல பயிற்சி. நாளிதழில் ஒரு செய்தியை எடுத்து, அதிலுள்ள ‘அன’ ஈற்று வினைகளைக் கோடிடச் சொல்லலாம்.

ஆறாம் ஆண்டுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021ஆம் ஆண்டில் அகற்றப்பட்டுவிட்டது. ஆயினும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழித் தாள் உண்டு. தொடக்கப் பள்ளியில் இவ்வியைபு கைவந்துவிட்டால், பின்னர் இடைநிலைப் பள்ளியில் வாக்கியத்தைப் பற்றிய அச்சம் பிள்ளைக்கு இராது. கருத்தில் மனத்தைச் செலுத்த இயலும்.

பெரியோரே, இளைஞரே! நாளை நீங்கள் ஓர் அறிவிப்பை எழுதி முடித்ததும் உடனே ஒட்டிவிடாதீர்கள். வினைகளை மட்டும் ஒருமுறை பாருங்கள். செய்தவர் யார் என்று அவ்வினைகள் ஐயமின்றிச் சொல்கின்றனவா என்று பாருங்கள். அதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம். அழைப்பு உரியவரைச் சென்று சேர்வதும், முறையீட்டின் பொருள் திரியாமல் இருப்பதும் அந்த இரண்டு நிமிடத்தின் பயன்களாகும்.