விரல் நுனிப் புண்ணைக் குளிரென்று விட்டுவிடாதீர்கள்

(சங்கத்தின் மாதர் பிரிவுச் சுகாதாரக் கூட்டத்தில் எமது குழு ஆற்றிய உரை)



இன்றைக்கு நாங்கள் சம்பளத்தைப் பற்றிப் பேச எழுந்து நிற்கவில்லை. ஆனாலும் பேசப்போவது சம்பளத்தோடு ஒட்டிய விஷயம்தான். கொழுந்து பறிப்பவளுக்கு முதல் அவளுடைய விரல். அந்த விரல் நுனியில் ஒரு புண் வந்து மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தால் கிலோ குறையும், முழுப்பேர் அரைப்பேராகும், கடைசியில் விரலே போகும். எங்கள் குழுவில் இந்த வருத்தம் உள்ளவர்களும் இருக்கிறோம். அவர்களைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு அலைந்தவர்களும் இருக்கிறோம். அங்கே டாக்டர்மார் சொன்னதையும், நாங்கள் செய்து பலன் கண்டதையும் சொல்கிறோம்.

தை மாதக் காலையில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி படிந்திருக்கும்போது எல்லோருக்கும்தான் விரல் விறைக்கும். அது வருத்தமில்லை. நாங்கள் சொல்வது வேறு. ஒன்றிரண்டு விரல்கள் மட்டும் கோடு கிழித்ததுபோல் ஓர் இடத்திலிருந்து நுனிவரை வெளுத்துப்போகும். பிறகு நீலம் பாயும். சூடு ஏறும்போது சிவந்து, ஊசி குத்துவதுபோல் வலிக்கும். எங்கள் கறுத்த தோலில் வெளுப்பு சாம்பல் நிறமாகத்தான் தெரியும். உள்விரலையும் நகத்தடியையும் பார்த்தால் பிடிபடும். மொரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு டாக்டர் 1862ஆம் ஆண்டு இதை விவரித்து எழுதினார். அவர் பெயரால்தான் இன்றும் இதை ரேனோ என்கிறார்கள்.

குளிர் பட்டால் உடம்பு தன் சூட்டைக் காப்பாற்ற விரல்களுக்குப் போகும் சின்ன இரத்தக் குழாய்களைச் சுருக்கும். இது எல்லோருக்கும் நடப்பது. ரேனோ உள்ளவர்களுக்கு அந்தக் குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கி இரத்தத்தையே நிறுத்திவிடும். பச்சைத் தண்ணீர் பட்டால் போதும். சிலருக்குப் பயமும் கோபமும்கூடப் போதும். காலையில் கங்காணியோடு வாக்குவாதப்பட்டு விரல் வெளுத்தவர்கள் எங்களுக்குள் உண்டு. சிரிக்காதீர்கள், உண்மைதான்.

இதில் இரண்டு வகை. இளம்பெண்களுக்கு வந்து, குளிருக்கு மட்டும் வெளுத்து, பிறகு சரியாகிப் போவது ஒரு வகை. அதில் புண் வருவதில்லை. மற்றது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி பாதை மாறி, கிருமியைத் தாக்குவதற்குப் பதிலாக நம் உடம்பையே தாக்கும் வருத்தங்களோடு சேர்ந்து வருவது. அதில் முக்கியமானது ஸ்க்லெரோடெர்மா. தோல் இறுகிப்போகும் வருத்தம். லூபஸ் என்பது இன்னொன்று. ஆண்களைவிடப் பெண்களையே இவை பல மடங்கு அதிகம் பிடிக்கின்றன. ஸ்க்லெரோடெர்மா உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ரேனோ இருக்கும். ஏறக்குறையப் பாதிப்பேருக்கு எப்போதாவது விரல் நுனியில் புண் வரும். குழாய்ச் சுவர் உள்ளே தடித்து வழி ஒடுங்கிவிடுவதால் சின்னக் கீறல்கூட ஆற இரத்தம் போதாது.

ஆகவே கவனியுங்கள். முப்பது வயதுக்குப் பிறகு புதிதாக விரல் வெளுக்க ஆரம்பித்தால், விரல்கள் வீங்கி மோதிரம் கழற்ற முடியாமல் போனால், கைத்தோலைக் கிள்ளிப் பிடிக்க முடியாமல் இறுகினால், ரொட்டி விழுங்கும்போது நெஞ்சில் சிக்கினால், ஏற்றம் ஏறும்போது முன்னில்லாத மூச்சுவாங்கல் வந்தால், தோட்ட டிஸ்பென்சரியோடு நிற்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரியில் வாதநோய் நிபுணரைப் பார்க்கக் கடிதம் கேளுங்கள். எங்களில் ஒருவருக்கு ஒரு டிஸ்பென்சரியில் ஒரு வருடம் முழுக்கப் பெனடோலும் சத்து மாத்திரையும்தான் கொடுத்தார்கள். அந்த ஒரு வருடத்தில் ஒரு விரலின் நுனி போய்விட்டது.

இன்னொன்றையும் திறந்து பேசவேண்டும். விரல் குறைந்துபோனால் லயத்தில் முதலில் வரும் சொல் குஷ்டம். அடுத்தது செய்வினை. பிள்ளைக்காம்பராவில் அவள் கைபட்ட கோப்பையைத் தனியே வைப்பார்கள், மகளுக்குப் பேசிய சம்பந்தம் நின்றுபோகும். இந்த வருத்தம் ஒட்டாது. தொட்டால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. குஷ்டம் என்று சந்தேகம் இருந்தால் அதற்கும் பயப்படத் தேவையில்லை. அது மருந்தால் முழுக்கக் குணமாகும், அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். பொதுவாகக் குஷ்டத்தில் உணர்ச்சி மரத்துவிடும், வெட்டினாலும் தெரியாது. எங்கள் புண்ணோ வெற்றிலைக் காம்பு பட்டாலே உயிர் போகும். எதுவென்று டாக்டர் சொல்லட்டும், லயத்துத் திண்ணை சொல்ல வேண்டாம்.

இனிக் கைவைத்தியம். கையை மட்டும் மூடினால் போதாது. நெஞ்சும் தலையும் காதும் குளிர்ந்தால் விரலுக்கு இரத்தம் வராது. நம் பாட்டிமார் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு மலைக்குப் போனதில் நியாயம் இருந்திருக்கிறது. பழைய கம்பளி மேசின் நுனியை வெட்டிவிட்டு மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால், விரல் வேலைக்குத் திறந்திருக்கும், மணிக்கட்டில் ஓடும் இரத்தம் சூடாக இருக்கும். எங்களுக்கு மிக உதவியது இதுதான், செலவும் இல்லை. நனைந்த உறை உறை இல்லாததைவிட மோசம். மழைநாளில் இரண்டாவது சோடியை நெஞ்சோடு சேர்த்து உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்; மாற்றும்போது அது சூடாகவும் இருக்கும்.

வெட்டுப்படாமல் இருக்க நாம் விரலில் துணியோ றப்பர்த் துண்டோ சுற்றுகிறோம். இறுக்கிச் சுற்றினால் வருகிற கொஞ்ச இரத்தமும் நிற்கும். தளர்வாகச் சுற்றுங்கள்.

விறைத்த விரலை அடுப்பில் காட்டாதீர்கள். மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது, தோல் வெந்த பிறகுதான் தெரியும். அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கையை வட்டமாகச் சுழற்றுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் நல்லது, ஆனால் சூட்டை வேறொருவர் பார்த்துச் சொல்லவேண்டும். பீலியில் பச்சைத் தண்ணீரில் உடுப்புக் கழுவுவதை வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகள் செய்யட்டும். இதைச் சொன்னதும் பின்வரிசையில் சிலர் தலையைக் குனிகிறீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

புண் வந்துவிட்டால் கொதித்து ஆறிய தண்ணீரில் மெதுவாகக் கழுவி, ஒட்டாத சுத்தத் துணியால் மூடுங்கள். காய்ந்து வெடிக்க விடக்கூடாது. சுண்ணாம்பு, ஸ்பிரிட், பற்பசை, பச்சிலைச் சாறு ஒன்றும் வேண்டாம். அட்டைக்குப் பூசும் சுண்ணாம்பு இந்தப் புண்ணில் பட்டால் சதையை அரித்துவிடும். பொருக்கைப் பிய்க்காதீர்கள். சீழ், நாற்றம், வீக்கம், காய்ச்சல், இரவு தூங்கவிடாத வலி, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. விரல் நுனி கறுத்தாலோ, வெளுத்த விரல் சூடாக்கியும் திரும்பாவிட்டாலோ விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

புகையிலை. பீடி குடிப்பவர்களுக்கு மட்டுமல்ல இது. வெற்றிலையோடு போடும் புகையிலையிலும் அதே நிக்கொட்டின்தான், அதுவும் குழாயைச் சுருக்கும். மலையில் பசியைத் தாங்கவும் குளிரைத் தாங்கவும்தான் நம் பெண்கள் புகையிலை போடுகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். எங்களில் பலர் இருபது வருடம் போட்டவர்கள். விடுவது லேசில்லை. ஆனால் இதை விடாமல் மாத்திரை மட்டும் குடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

மருந்தென்றால் முதலில் கொடுப்பது அநேகமாக நிபெடிபின். அது பிரெஷர் மாத்திரை. குழாயை விரிப்பதால் இதற்கும் உதவுகிறது. தலையிடி, கால்வீக்கம், தலைசுற்றல் வரலாம். வந்தால் நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்குக் கேட்காவிட்டால் சில்டெனாபில் போன்ற மாத்திரைகளும், ஆஸ்பத்திரியில் தங்கி நரம்பில் ஏற்றும் இலோப்ரொஸ்ட் என்ற மருந்தும் உண்டு. வேறு வருத்தத்துக்குக் குடிக்கும் மருந்தெல்லாவற்றையும் காட்டுங்கள். ப்ரொப்பனலோல், ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், மூக்கடைப்பு மாத்திரைகள் சில, விரலை இன்னும் வெளுக்க வைக்கும். பக்கத்துக் காம்பரா அக்காவின் ப்ரெட்னிசலோனை வாங்கிக் குடிக்கவே குடிக்காதீர்கள். ஸ்க்லெரோடெர்மா உள்ளவர்களுக்கு அது அதிகமானால் சிறுநீரகத்தைத் தாக்கலாம். திடீரென்று கடும் தலையிடியோடு பிரெஷர் ஏறினால் அது அவசர நிலைமை.

இனி வேலைத்தலம். எதிர்ப்புச் சக்தி வருத்தத்தைத் தோட்டம் உண்டாக்கியது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அந்த வருத்தத்தோடு ஒருத்தியை விடியற்காலைப் பனியில் நனைந்த செடிக்குள் நிறுத்துவதா இல்லையா என்பது தோட்டத்தின் கையில் இருக்கிறது. “குளிர் எல்லாருக்கும்தானே” என்று ஓர் உத்தியோகத்தர் எங்களிடம் சொன்னார். அவருக்கு நாங்கள் ஒரு பழைய கதையைச் சொன்னோம். 1918ஆம் ஆண்டு அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில், காற்றுச் சுத்தியலால் கல் செதுக்கிய தொழிலாளர்களின் விரல்கள் குளிரில் செத்த விரல்போல் வெளுத்தன. அலிஸ் ஹமில்டன் என்ற பெண் டாக்டர் நேரில் போய்ப் பரிசோதித்து, அதிரும் கருவிக்கும் குளிருக்கும் இதில் பங்குண்டு என்று எழுதினார். அதிர்வால் வரும் வெள்ளை விரலைப் பிரித்தானியா தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது 1985ஆம் ஆண்டில்தான். இடையில் அறுபத்தேழு வருடம். இப்போது நம் தோட்டங்களிலும் கொழுந்து வெட்டும் மெஷினும் புல்வெட்டும் மெஷினும் வந்துவிட்டன. அவற்றைப் பிடிக்கும் தம்பிமார் விரல் வெளுத்தால் மறைக்காமல் சொல்லவேண்டும்.

நாங்கள் கேட்பது பெரிதில்லை. வைத்தியக் கடிதம் உள்ளவருக்குப் பனி காய்ந்த பிறகு மலைக்குப் போக அனுமதி, அல்லது பேர் குறையாமல் உலர்ந்த இடத்தில் வேலை. கிளினிக் நாளில் பேர் வெட்டாமை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கைகழுவச் சுடுதண்ணீர். வேலையில் கத்தியோ முள்ளோ வெட்டினால் அன்றைக்கே தோட்டத்துப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். வேலையில் பட்ட காயத்துக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இருக்கிறது. பதிவில்லாமல் பிறகு வாதாடுவது கஷ்டம். நிரந்தரமாக வேலை செய்யவே முடியாதென்று வைத்தியர் உறுதிசெய்தால் ஊழியர் சேமலாப நிதியை வயதுக்கு முன்பே எடுக்க வழியுண்டு. அது கடைசி வழி. கையெழுத்து வைக்குமுன் தலைவரிடம் வந்து பேசுங்கள்.

கூட்டம் முடிந்ததும் மாதர் தலைவிமார் முன்வரிசையில் இருப்பார்கள். விரல் வெளுக்கிறவர்கள், புண் உள்ளவர்கள், கிளினிக் கொப்பி இருந்தால் அதையும் கொண்டுவந்து பெயர் கொடுங்கள். கொப்பி இல்லாதவர்களுக்கு யாரோடு எந்தப் பஸ்ஸில் போவதென்று இன்றே ஏற்பாடு செய்வோம். மேசு வெட்டித் தைக்கவும் நாலைந்து பேர் ஊசிநூலோடு வந்திருக்கிறோம்.